மேட்டூர் முதல் பூம்புகார் வரை: நண்பர்களோடு காவிரிக்கரையில் ஆறு நாள் சைக்கிள் பயணம்

காவிரியோடு சைக்கிளில் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கைப்பேசி வரைபடத்தில் மேட்டூர், பூம்புகார் என்று இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்ப்பார்கள். அது காட்டுகிற வழியில் ஆறு கண்ணில் படுவதே அபூர்வம். நாற்கரச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய்த் திருச்சியில் விட்டுவிடும். ஆற்றை ஒட்டி மேட்டூரிலிருந்து கடல்வரை ஒரே சாலை என்று எதுவும் கிடையாது. ஓரிடத்தில் இந்தக் கரை நன்றாக இருக்கும், முப்பது கிலோமீட்டர் போனால் அந்தக் கரை நன்றாக இருக்கும். அதனால் எந்த நாள் எந்தக் கரை, எங்கே மறுகரைக்கு மாறுவது என்று முடிவு செய்தாலே இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டாயிற்று. தங்குவது, சாப்பிடுவதெல்லாம் அப்புறம் தானாக அமையும்.

மொத்த தூரம் சுமார் 360 கி.மீ. மலை ஏற்றம் என்று எதுவும் இல்லை. ஆறு இறங்குகிற பக்கமே நாமும் போகிறோம் என்பதால் முழங்காலுக்கு வேலை குறைவு. தினமும் சைக்கிள் ஓட்டாதவர்கள்கூட ஒரு மாதம் பழகிவிட்டு வந்தால் முடிக்கலாம்.

எந்த மாதம் போவது

ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் போனால் ஆறு நாளும் மணலைத்தான் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். ஆக, ஜூன் முதல் ஜனவரி வரைதான் நமக்குக் கணக்கு. இதில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் புயல் சின்னம் ஒன்று உருவானால் மொத்தத் திட்டமும் நனைந்துவிடும். மிச்சம் இருப்பது ஆடி, ஆவணி ஒரு பக்கம், மார்கழிக் கடைசியும் தை முதல் பாதியும் இன்னொரு பக்கம்.

குளுமைக்காகப் பலரும் தை மாதத்தைச் சொல்வார்கள். நான் ஆடிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முதல் காரணம் காற்று. மேட்டூரிலிருந்து காவிரி தெற்கு நோக்கி வந்து, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. அதற்கப்புறம் கடல்வரை பயணம் கிழக்கு முகமாகத்தான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கொடுமுடியிலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளும். தை மாதத்தில் அதே பாதையில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு எதிர்க்காற்றைவிடப் பெரிய மலை கிடையாது.

இரண்டாவது காரணம் விடுதி அறை. ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் கரூர், திருச்சி, கும்பகோணம் எங்கும் முன்பதிவு இல்லாமலே அறை கிடைக்கும். தையில் கல்யாணக் கூட்டம் லாட்ஜுகளை நிரப்பிவிடும். போதாததற்கு, தியாகராஜர் ஆராதனை வருகிற நாட்களில் திருவையாற்றில் நிற்கக்கூட இடம் இருக்காது. மூன்றாவது, தை மாதம் டெல்டாவில் சம்பா அறுவடை. சாலையில் பாதியை அடைத்து நெல் காயும், வைக்கோல் கிடக்கும், அறுவடை இயந்திரம் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு எதிரே வரும். பார்க்க அழகுதான், ஆனால் வைக்கோலில் டயர் ஏறினால் வழுக்கும்.

ஆடியில் குறை வெயில்தான். திருச்சிப் பக்கம் மத்தியானம் மண்டை காயும். அதற்கு மருந்து ஒன்றே ஒன்று, காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியை முடித்துவிடுவது. ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி, படித்துறைகளில் கூட்டம் நெரியும். அதைப் பார்க்கவே போகிறோம் என்றால் சரி. இல்லையென்றால் அதற்கு அடுத்த வாரம் கிளம்புங்கள். வெயில் ஒத்துக்கொள்ளாதவர் கூட்டத்தில் இருந்தால் மட்டும் பொங்கல் முடிந்த கையோடு, அணை மூடுவதற்கு முன் போய் வந்துவிடலாம்.

ஏன் ஆறு நாள்

இந்தக் கணக்குக்கு ஆற்றுத் தண்ணீரே துணை. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நாள் போலக் கழித்துக் கல்லணைக்கு வரும். அங்கே வழக்கமாக 15 அல்லது 16-ல் மதகுகளைத் திறப்பார்கள். கீழே சொல்லும் திட்டப்படி நாமும் நாலாம் நாள் காலையில் கல்லணைக்குப் போகிறோம். கிட்டத்தட்ட தண்ணீரின் வேகம். இதைவிடச் சீக்கிரம் முடிக்க முடியுமா என்றால் முடியும், நாலு நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சைக்கிளைப் பார்த்தபடி போவார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை.

யாரோடு போவது

நாலு பேர் முதல் ஆறு பேர் வரை சரியான அளவு. எட்டுக்கு மேல் போனால் டீக்கடையில் டீ வரும்போதே கால் மணி போய்விடும், லாட்ஜில் அறை பிரிப்பதும் பஞ்சாயத்தாகும். வேகமாக ஓட்டுகிற ஒருவரும் மெதுவாக ஓட்டுகிற ஒருவரும் எந்தக் கூட்டத்திலும் உண்டு. வேகக்காரரை முன்னால் விட்டுவிடுங்கள், ஆனால் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏதாவது பாலத்தடியிலோ டீக்கடையிலோ நின்று காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல அனுபவசாலி ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும். அவர் கையில்தான் பஞ்சர் பை இருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சர் ஆனவருக்குப் பின்னால் வருகிறவரால்தான் உதவ முடியும். முன்னால் பறந்துவிட்டவர் திரும்பி வர அரை மணி ஆகும்.

பணத்துக்குப் பொதுப் பர்ஸ் வையுங்கள். கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவரிடம் கொடுத்துவிட்டால் டீ, இளநீர், பஞ்சர் கூலி எல்லாம் அதிலிருந்து போகும். சுமாரான லாட்ஜ், இருவருக்கு ஓர் அறை, ஓட்டல் சாப்பாடு என்று பார்த்தால் ஒரு நாளைக்கு ஆளுக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் ஒதுக்கினால் தாராளம். இன்னும் ஒன்றைக் கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது. கோயில் பார்க்கிறவர்கள், சாப்பாட்டுக்காக வருகிறவர்கள், ஓட்டுவதற்காகவே வருகிறவர்கள் என்று மூன்று ரகம் இருக்கும். இந்தப் பாதையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பாடல் பெற்ற தலம் வரும். எல்லாவற்றிலும் நிற்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு கோயில், ஒரு நல்ல சாப்பாடு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் நட்பு தப்பிக்கும்.

சைக்கிளும் சாமானும்

கியர் சைக்கிள் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. கட்டாயம் என்றால் டயர்தான். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் வாய்க்கால் கரைச் சாலைக்கு ஆகாது. 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். கரையோரம் முழுக்க சீமைக்கருவேலம். அதன் முள் டயரைத் தாண்டி டியூபில் நிற்கும். முடிந்தால் எல்லோரும் ஒரே அளவு டயரில் வாருங்கள். அப்போது நாலைந்து டியூபை மொத்தக் கூட்டத்துக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

கிராமத்து சைக்கிள் கடைகளை நம்பலாம், ஒரு எல்லை வரை. கடைக்காரர் டியூபை உருவி, காற்றடித்து, பழைய இரும்புச் சட்டித் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்ப்பார். குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே துடைத்து, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதி, ஒட்டுப் போட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டு. பத்து நிமிடம். அதற்கப்புறம் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவி முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். நாமே ஒட்டும்போது மறந்துவிடுகிற வேலை இது. ஆனால் நம்முடைய புதுவகை சைக்கிளுக்கு டியூப், பிரேக் கட்டை, கியர் கம்பி எதுவும் அவரிடம் இருக்காது. ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் அவருடைய பம்பும் சேராது. அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். கூடவே ஆலன் சாவித் தொகுப்பு, செயின் எண்ணெய், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டு, இரண்டு கியர் கம்பி. பெரிய ஊர்களான ஈரோடு, திருச்சி, கும்பகோணத்தில்தான் பெரிய பழுதைச் சரி செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் பை மாட்டாதீர்கள். பின்பக்கம் கேரியர் போட்டு இருபுறமும் தொங்கும் பைகளில் சாமானை வையுங்கள், ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஓட்டுவதற்கு இரண்டு செட் உடை, மாலைக்கு ஒரு செட், ஒரு வேட்டி, ஒரு துண்டு. வேட்டி கோயிலுக்கும் ஆகும், படித்துறையில் உடை மாற்றவும் ஆகும், ராத்திரி போர்த்திக்கொள்ளவும் ஆகும். பஞ்சு வைத்த சைக்கிள் டிராயர் வாங்க யோசிக்கிறவர்கள் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் மனம் மாறிவிடுவார்கள், முன்பே வாங்கிவிடுங்கள். தொடை உரசும் இடத்தில் தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். ஆதார் நகலும் வேண்டும், லாட்ஜில் கேட்பார்கள்.

பழக்கம் என்று சொன்னேன். கடைசி ஒரு மாதம், வாரக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 40, 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் நூறு ஓட்டுவதைவிட, மறுநாள் காலையில் அதே சீட்டில் திரும்ப உட்காரப் பழகுவதுதான் முக்கியம்.

மேட்டூருக்குப் போய்ச் சேர்வது

சேலம் வரை ரயிலில் வரலாம். சைக்கிளை பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். வண்டி கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள், ஹேண்டில், கியர் பகுதிகளைப் பழைய சாக்குத் துணியால் சுற்றுங்கள், பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். இரண்டே நிமிடம் நிற்கிற வண்டியில் ஏற்ற மாட்டார்கள், இறக்கவும் முடியாது. நாலைந்து சைக்கிள் என்றால் எனக்குப் பிடித்த வழி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. சேலத்தில் ஒன்றைப் பேசி, அடியில் பழைய ஜமுக்காளம் விரித்து, சைக்கிள்களை முன்னும் பின்னுமாக மாற்றி நிறுத்திக் கயிறு கட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டூர். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். அணையை வெயில் தாழப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே பொரித்துத் தரும் அணை மீனைச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுக்க வேண்டியதுதான்.

முதல் நாள்: மேட்டூர் – பவானி – ஈரோடு, சுமார் 55 கி.மீ.

1934-ல் கட்டி முடித்த ஸ்டான்லி அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி. இனி ஆறு நாளும் டீக்கடைகளில் இந்த 120-ஐப் பற்றிய பேச்சுத்தான் காதில் விழும். கீழே போகப் போக அது இன்னும் கவலையோடு வரும்.

கரையைத் தேர்ந்தெடுக்கும் வேலை இங்கேயே தொடங்குகிறது. மேற்குக் கரையில் நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாகப் பவானிக்கு நேர்சாலை உண்டு. அதை உடனே பிடிக்காதீர்கள். முதலில் கிழக்குக் கரையில், அதாவது சேலம் மாவட்டப் பக்கம், பூலாம்பட்டி வரை வாருங்கள். நெரிஞ்சிப்பேட்டையில் நீர்மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணையால் ஆறு இங்கே ஏரி மாதிரி தேங்கி நிற்கும். இரு பக்கமும் குன்றும் தென்னையும். படம் எடுக்க வருகிறவர்கள் இதைக் குட்டிக் கேரளா என்பார்கள். பூலாம்பட்டியிலிருந்து அக்கரைக்கு விசைப்படகு போகிறது. மோட்டார் சைக்கிளையே ஏற்றுவார்கள், நம் சைக்கிள் எம்மாத்திரம். ஹேண்டில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாமல் ஒரு பெடலை மேலே தூக்கி வைத்து, ஆள் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், ஒரு கட்டு வாழையிலை. ஐந்து பத்து நிமிடத்தில் மாவட்டம் மாறிவிடும். அணையிலிருந்து உபரிநீர் அதிகம் திறந்திருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். காலையில் மேட்டூர் டீக்கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பவானி வரை சாலை ஆற்றைப் பல இடங்களில் தொட்டுக்கொண்டே போகும். பவானி கூடுதுறையில் பவானி ஆறு காவிரியோடு சேர்கிறது, சங்கமேசுவரர் கோயில் அந்த முனையில். ஊருக்குள் ஜமுக்காளத் தறிகள் இன்னும் ஓடுகின்றன. வாங்க ஆசை வரும்; கேரியரில் கட்டுவதற்கு முன் எடையைத் தூக்கிப் பாருங்கள். மதியச் சாப்பாடு, ஓய்வு பவானியில். நாலு மணிக்கு மேல் ஈரோட்டுக்கு 15 கிலோமீட்டர், போக்குவரத்து அதிகம், வரிசையாகப் போங்கள். முதல் நாள் உற்சாகத்தில் கரூர் வரைக்கும் போகலாம் என்று ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள்: ஈரோடு – கொடுமுடி – கரூர், சுமார் 70 கி.மீ.

இன்றைக்குக் கூட வருவது காளிங்கராயன் வாய்க்கால். பவானி ஆற்றிலிருந்து பிரித்து 13-ம் நூற்றாண்டில் வெட்டியது, சுமார் 90 கிலோமீட்டர் நீளம், இன்றும் பாசனத்தில் இருக்கிறது. மேட்டிலேயே நீரைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். ஈரோட்டு நகரத்துக்குள் சாயக்கழிவால் பல இடத்தில் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். நகரம் தாண்டி பாசூர், ஊஞ்சலூர் பக்கம் வந்தால் மஞ்சள் வயல், கரும்பு, வாழை.

கொடுமுடியில் மகுடேசுவரர் கோயில் படித்துறையில் நின்று ஆறு திரும்புவதைப் பாருங்கள். ஆடி மாதம் என்றால் அன்று மாலையே வித்தியாசம் தெரியும். காலையிலிருந்து பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்த காற்று பின்னால் வந்துவிடும். அடுத்து நொய்யல் காவிரியில் சேருமிடம். திருப்பூர்ச் சாயக் கழிவைப் பல வருடம் சுமந்து வந்த ஆறு அது, அந்தப் பக்கத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம். புகளூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் பார்க்கலாம். புகளூர் தாண்டியதும் நாற்கரச் சாலைதான், சர்வீஸ் சாலையைப் பிடித்தே கரூர் போய்ச் சேருங்கள். ராத்திரிக்குக் கரூர்ப் பரோட்டா.

மூன்றாம் நாள்: கரூர் – முசிறி – திருவரங்கம், 85 முதல் 90 கி.மீ.

பயணத்திலேயே நீளமான நாள், ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டிய நாள். தென்கரையில் கரூர்–திருச்சி நெடுஞ்சாலை. தூரம் குறைவு, சாலையும் நன்றாக இருக்கும், ஆனால் பஸ்ஸும் லாரியும் காதோரம் உரசிக்கொண்டு போகும். மாயனூர் வரை மட்டும் அதில் வாருங்கள். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கதவணை இருக்கிறது, மேலே சாலை. காலை ஆறரை மணிக்கு அதன் நடுவில் நின்றால் ஒரு பக்கம் நிறைந்த ஆறு, மறுபக்கம் மணலில் பிரிந்து ஓடுகிற ஆறு. கொக்கும் நாரையும் மதகடியில் மீனுக்கு நிற்கும்.

அக்கரை போய்விட்டால் காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி, குணசீலம் என்று வடகரைச் சாலை. தொட்டியம் வாழைக்குப் பேர்போன ஊர். தார் ஏற்றிய வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு சீப்பு பூவன் வாங்கி ஹேண்டிலில் தொங்கவிட்டால் அன்றைக்கு வேறு நொறுக்குத் தீனி தேவையில்லை. முசிறிப் பக்கம் சாலையோரத்தில் கோரை காயப் போட்டிருப்பார்கள், பாய் நெய்வதற்கு. யாருக்காவது முடியவில்லை என்றால் முசிறியில் பாலம் தாண்டிக் குளித்தலைக்குப் போய் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

மதியம் முசிறியில் மூன்றரை மணிவரை ஓய்வு. குணசீலம் தாண்டி முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்தில் ஓடிக் காவிரி வறண்டுகொண்டிருந்ததால், 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய மதகுகள் சில அடித்துக்கொண்டு போனதும் இங்கேதான். அப்புறம் நொச்சியம், டோல்கேட், கொள்ளிடப் பாலம், திருவரங்கம். அங்கேயே தங்குங்கள், திருச்சிக்குள் போக வேண்டாம். அறை எடுக்கும்போது தரைத்தளம் கேளுங்கள், அல்லது சைக்கிளை உள்ளே பூட்ட இடம் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நாலாம் நாள்: திருவரங்கம் – கல்லணை – திருவையாறு, சுமார் 55 கி.மீ.

காவிரிப் பாலம் தாண்டித் தென்கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகக் கல்லணைக்கு ஒரு சாலை இருக்கிறது. எனக்கு மொத்தப் பாதையிலும் பிடித்த 20 கிலோமீட்டர் இதுதான்.

கல்லணையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல் அணை 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். இப்போது கண்ணில் படும் மதகுகளும் பாலமும் பிற்காலத்தவை. பழைய கல் கட்டுமானம் அடியில் இருக்கிறது. இங்கே நின்றால் டெல்டா முழுவதும் புரிந்துவிடும். தண்ணீர் நாலாகப் பிரிகிறது: வடக்கே வெள்ள நீருக்குக் கொள்ளிடம், நடுவில் காவிரி, அடுத்து வெண்ணாறு, கடைசியில் 1930-களில் வெட்டிய கல்லணைக் கால்வாய். உள்ளூரில் அதைப் புது ஆறு என்பார்கள். இதுவரை அகலமாகப் பார்த்த காவிரி இனி ஒவ்வொரு ஊரிலும் இளைத்துக்கொண்டே போகும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குடமுருட்டி பிரியும். அப்புறம் எத்தனையோ வாய்க்கால்கள்.

இங்கிருந்து ஒரு நல்ல செய்தி. கல்லணை–பூம்புகார் சாலை என்று மாநில நெடுஞ்சாலை 22 இருக்கிறது. குறுகலான சாலை, புளியமரம், வளைவுக்கு வளைவு கிராமம். வழி தெரியாமல் போனால் யாரிடமும் கேளுங்கள், கல்லணை–பூம்புகார் சாலை என்றால் காட்டுவார்கள். கரையைப் பற்றிய கவலை இதோடு பெரும்பாலும் தீர்ந்தது. கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. மாலையில் புஷ்ய மண்டபப் படித்துறை, தியாகராஜர் சமாதி, அப்புறம் பாசிப்பருப்பில் நெய் ஊற்றிக் கிளறிய சூடான அசோகா. அறை கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான். போகிற வழியில் ஊர்ப் பெயருக்குக் காரணமான ஆறுகளின் பாலங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஐந்தாம் நாள்: திருவையாறு – கும்பகோணம், சுமார் 35 கி.மீ.

சின்ன நாள், வேண்டுமென்றே. உடம்புக்கு இன்று கொஞ்சம் இளைப்பாறல் வேண்டும், துணி துவைக்கவும் வேண்டும். திருப்பழனம், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று வடகரையில் நிழலாகவே போகலாம். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றைப் பாருங்கள். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைத்தான் முதல் பூச்சாகப் பூசுவார்கள். அதன் நைசுக்குத்தான் விக்கிரகத்தில் நகைவேலைகூட அச்சாக விழுகிறது. பதினொரு மணிக்குக் கும்பகோணத்தில் பித்தளை டபராவில் டிகிரி காபி. மதியம் தலைவாழைச் சாப்பாட்டை இன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டு ஓட்ட வேண்டியதில்லை.

ஆறாம் நாள்: கும்பகோணம் – மயிலாடுதுறை – பூம்புகார், சுமார் 60 கி.மீ.

திருபுவனம், ஆடுதுறை வழியாகப் போகிற பிரதான சாலை நெரிசல். கஞ்சனூர் வழியாகப் போகிற கல்லணை–பூம்புகார் சாலையைவிட்டு விலகாதீர்கள். மயிலாடுதுறையில் துலாக்கட்டம் என்கிற காவிரிப் படித்துறையைப் பார்த்துவிட்டுக் காலை உணவு. அங்கிருந்து 25 கிலோமீட்டர், கடற்காற்று வர ஆரம்பிக்கும்.

பூம்புகாரில் காவிரி கடலில் சேருமிடம் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மேட்டூரில் பார்த்த ஆறா இது என்று கேட்பார்கள். தண்ணீரெல்லாம் வழியில் வயல்களுக்குப் போய்விட்டது, நாமேதான் ஆறு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பாருங்கள். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

ஆற்றில் இறங்குவது பற்றி

வெயிலில் வந்து தண்ணீரைப் பார்த்தால் குதிக்கத் தோன்றும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. முழங்கால் அளவு நீரில் நடக்கிறவர் அடுத்த அடியில் மூழ்குவார். கதவணைகளுக்குக் கீழே சுழல் இருக்கும், எந்நேரமும் மதகைத் திறப்பார்கள். ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் நிற்கிற படியைத் தாண்டாமல் குளியுங்கள். கரையில் ஒருவர் உடை மாற்றாமல் நிற்கட்டும். வெள்ள எச்சரிக்கை விட்டிருந்தால் படித்துறைப் பக்கமே போக வேண்டாம். விபத்துக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112.

சாலையில் நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். டெல்டாச் சாலைகளில் ஓரத்திலேயே வாய்க்கால் இருக்கும், தடுப்பு இருக்காது.

திரும்பி வருவது

பூம்புகாரில் ரயில் கிடையாது. கடற்கரைப் பக்கம் கேட்டால் மயிலாடுதுறைக்குக் குட்டியானை கிடைக்கும். முந்தின நாளே பேசி வைத்தால் விலை படியும். மயிலாடுதுறை சந்திப்பு, அதனால் சென்னைக்கும் திருச்சிக்கும் வண்டி உண்டு, நிறுத்த நேரமும் கொஞ்சம் கூடுதல். சைக்கிளைப் பார்சலில் போடுவதற்கு முன் டயரில் காற்றைப் பாதி இறக்கிவிடுங்கள், பெட்ரோல் பங்கில் தண்ணீர் கேட்டுச் செயினில் அப்பிய மண்ணைக் கழுவி எண்ணெய் விடுங்கள். பொதுப் பர்ஸில் மிச்சம் இருக்கும் பணத்தை ரயில் ஏறுவதற்கு முன்பே எண்ணிப் பிரித்துவிடுவது நல்லது. வீட்டுக்குப் போனபின் அந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது.